பூமிக்கடியில் ஒரு கணக்கு – 12: கவுத்தி மலை இரும்பு

திருவண்ணாமலைக்கு அருகே காப்புக்காட்டுக்குள் அடுத்தடுத்து நிற்கும் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் உள்ள இரும்புத் தாது, பட்டை மேக்னடைட் குவார்ட்ஸைட் என்ற வகையைச் சேர்ந்தது. கல்லை உடைத்தால் கரும்பட்டையும் வெண்பட்டையும் மாறி மாறி ஓடும். கருப்பு மேக்னடைட், வெள்ளை சிலிக்கா. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கல் இழுபடும். உள்ளங்கையளவுத் துண்டுகூடச் சாதாரணக் கருங்கல்லைவிடக் கனமாக இருக்கும். மழை ஓய்ந்த பிறகு மலையடி ஓடைகளில் கருமணல் கோடுகோடாகத் தங்குவதும் இந்தத் தாது சிதைந்து உதிர்வதால்தான். சேலத்துக் கஞ்சமலை, அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலை எல்லாம் இதே பழம்பாறைத் தொடரில் வருபவை.

இந்தக் கல்லில் இரும்பு நூற்றுக்கு 35 முதல் 40 பங்குதான். கர்நாடகத்தின் பெல்லாரி - ஹொஸ்பேட்டைப் பகுதி ஹேமடைட் தாதுவில் 60 பங்குக்கு மேல் தேறும். வெட்டி எடுத்து அப்படியே உலைக்கு அனுப்பும் தரம் அங்கே உண்டு, இங்கே இல்லை. திருவண்ணாமலை இரும்பின் இருநூறு ஆண்டுக் கதையை இந்த ஒரு வேறுபாடு பாதி சொல்லிவிடுகிறது. மீதிப் பாதியைச் சொல்வது தாதுவின் மேல் வளர்ந்திருக்கும் காடு.

நாட்டு உலைக்காரர்களுக்குத் தாதுவின் ஏழ்மை ஒரு தடையாக இருக்கவில்லை. இரும்பின் பழமை பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், வந்தவாசிப் பக்கத்துக் கீழ்நமண்டியில் கிடைத்த ஈமப்பேழை ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 1692 எனக் கணிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சிப் பகுதியின் மேல்சிறுவளூரில் மூசை வைத்து எஃகு காய்ச்சிய எச்சங்களைத் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆய்ந்து எழுதியிருக்கிறார். ஆக, இரும்பு செய்யும் அறிவு இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதன்று.

நாட்டு உலைக்காரர்களின் முறை எளியது. ஆள் உயரத்துக்கும் குறைந்த களிமண் உலை; அடியில் ஆட்டுத்தோல் துருத்திகள். ஓடையில் அரித்தெடுத்த கருமணலையோ இடித்துப் புடைத்த தாதுவையோ மரக்கரியோடு மாற்றி மாற்றி மேலிருந்து கொட்டுவார்கள். புடைக்கும்போதே வெண்மணல் பிரிந்து தாதுவின் தரம் உயர்ந்துவிடும். இன்றைய ஆலைகள் காந்த உருளைகளால் செய்வதை அன்று முறமும் தண்ணீரும் செய்தன. சில மணி நேரம் துருத்தி ஊதிய பின் உலையின் முகத்தை உடைத்துக் கிட்டம் கலந்த இரும்புக் கட்டியை இழுத்துப் போட்டு, சூட்டோடு சம்மட்டியால் அடித்துக் கசடை வெளியேற்றுவார்கள். ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு கரி தேவைப்பட்டது. ஆனாலும் உலை சிறியது, ஆண்டில் சில மாதங்களே எரிவது, விறகு குறைந்தால் வேறிடம் போய்க் கட்டிக்கொள்ளக் கூடியது. எனவே காடு மீண்டும் தழைக்க அவகாசம் கிடைத்தது.

இந்தச் சமநிலையை முதலில் கலைத்தவர் ஜோசயா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் அதிகாரியாக இருந்து 1825இல் வேலையை விட்டவர், 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலம் வட்டாரத் தாதுவின் தூய்மை அவரை ஈர்த்தது. இரும்பைக் கெடுக்கும் கந்தகமும் பாஸ்பரமும் அதில் மிகக் குறைவு. சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையை அவருக்குக் கம்பெனி அரசு கொடுத்தது. சேலம், தென்னார்க்காடு, கோவை, மலபார் மாவட்டங்களின் அரசுத் தரிசுகளில் விறகு வெட்டும் உரிமையும் அதோடு சேர்ந்து வந்தது. தென்னிந்தியாவில் தொழில்துறைக்கென எழுதப்பட்ட தொடக்ககாலக் கனிமச் சலுகைகளுள் ஒன்று இது. அன்று தென்னார்க்காட்டுக்குள் இருந்த திருவண்ணாமலையின் காடு, அங்கே வாழ்ந்த யாரையும் கேட்காமல் அந்தக் காகிதத்துக்குள் போய்விட்டது.

பரங்கிப்பேட்டை இரும்பு ஷெஃபீல்டு வரை போனது. வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா குழாய்ப் பாலத்திலும் மெனாய் பாலத்திலும் அது பயன்பட்டதாக நிலவியலாளர் வாலண்டைன் பால் தம் கனிம நூலில் குறித்திருக்கிறார். தரத்தில் குறையில்லை, ஆனால் ஆலை பிழைக்கவில்லை. ஹீத் 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றும், அதைப் பிறர் எடுத்தாண்டதற்கு எதிரான நீண்ட வழக்கில் பொருளை இழந்து, 1851இல் இறந்தார். 1853இல் நான்கு லட்சம் பவுன் மூலதனத்தோடு கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி எழுந்து அவருடைய உரிமைகளை ஏற்றது. அந்தக் கம்பெனி புதிதாக எழுப்பிய ஊதுலைகளில் ஒன்று காவிரிக் கரையிலும் மற்றொன்று திருவண்ணாமலையிலும் எழுந்தன. தாது கடற்கரைக்குப் போவதற்குப் பதில், உலை தாதுவிடம் வந்தது.

வந்த உலை நிலைக்கவில்லை. 1858க்குள் இரும்புக் கம்பெனி தளர்ந்துவிட்டது. 1860களில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1874இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. காரணம் மரக்கரி. ஊதுலையை நாட்டு உலைபோல் நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. இரவு பகலாக எரிய வேண்டும். கிட்டத்துக் காடு தீரத் தீர, கரி வண்டிகள் மேலும் மேலும் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. வண்டிக்கூலி ஏறியது. அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து கல்கரியில் உருக்கிய மலிவு இரும்பு துறைமுகங்களில் குவிந்தது. தொலைவில் இருந்த காட்டை வெட்டித் திருவண்ணாமலையில் உருக்குவதைவிட, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உருக்கியதை இறக்குமதி செய்வது லாபம் என்று ஆகிப்போனது.

இரும்புக் கம்பெனி போனபின் நாட்டு உலைகளும் தப்பவில்லை. சென்னை வனச் சட்டம் 1882இல் வந்து, காட்டைக் காப்புக்காடாக அடைத்தது. கரி சுடுவதற்குச் சீட்டும் கட்டணமும் தேவை என்ற நிலை வந்ததும், இறக்குமதி இரும்போடு ஏற்கெனவே மல்லாடிக்கொண்டிருந்த உலைக்காரர்கள் தொழிலைக் கைவிட்டார்கள். தனியுரிமை பெற்ற கம்பெனி காட்டைத் தீர்க்கும்போது வராத சட்டம், அது கலைந்தபின் சிறு உலைக்காரர் மீது வந்து விழுந்தது. காலனி ஆட்சியின் கனிமக் கொள்கையில் இதைவிட வெளிப்படையான அநீதியைக் காட்டுவது கடினம்.

தாதுவைப் பற்றிய அறிவு மட்டும் பெருகியது. நிலவியலாளர்கள் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறை அமைப்பை 1860களில் வரைந்தார்கள். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடாரியைக் கண்டெடுத்த அதே ஃபுட்தான் இவர். வரைபடத்தில் மலைகள் தாதுப் படுகைகளாக இடம்பெற்றன. தோண்டத்தான் எவரும் வரவில்லை.

விடுதலைக்குப் பின் கனிமம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. தம் இயற்கை வளத்தின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் நிரந்தர இறையாண்மை உண்டு என்று ஐ.நா. பொதுச்சபை 1962 டிசம்பரில் தீர்மானம் 1803ஐ நிறைவேற்றியது. சிலி 1971இல் தன் பெரிய செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. போட்ஸ்வானா வேறு வழியில் போய், டி பியர்ஸ் நிறுவனத்துடன் வைரத்தில் கூட்டு வைத்துத் தன் பங்கைப் படிப்படியாகப் பாதிக்கு உயர்த்தி, அந்த வருவாயில் பள்ளியும் சாலையும் கட்டியது. இந்தியா 1956 தொழிற்கொள்கைத் தீர்மானத்தில் இரும்புத் தாதுச் சுரங்கத்தை அரசுக்கென ஒதுக்கி, 1957இல் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தை இயற்றியது. கனிமம் மாநிலத்துக்கு உரியது. அதை யாருக்கு, எந்த விகித ராயல்டிக்குக் கொடுக்கலாம் என்ற விதி மத்திய அரசுடையது. மாநிலப் பட்டியலின் 23ஆம் இனத்தையும் மத்தியப் பட்டியலின் 54ஆம் இனத்தையும் சேர்த்துப் படித்தால் இந்த இழுபறி விளங்கும்.

தமிழ்நாட்டின் இரும்புக் கனவு அப்போது சேலத்தைச் சுற்றி வளர்ந்தது. கஞ்சமலைத் தாதுவை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கொண்டு உருக்கலாமா என்று சோதனைகள் நடந்தன. சேலம் உருக்காலை வேண்டும் என்று 1967இல் தி.மு.க. அரசு எழுச்சி நாள் நடத்தியது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் ஆலை வந்தது; ஆனால் அது வெளியிலிருந்து வரும் எஃகுப் பாளங்களைத் தகடாக உருட்டும் துருப்பிடிக்கா எஃகு ஆலையாக வந்தது. கண்ணெதிரே நிற்கும் கஞ்சமலையின் ஒரு கல்லுக்கும் அதில் வேலையில்லை. ஆலை இருந்தால் தாது வெட்டியாக வேண்டும், தாது இருந்தால் ஆலை வந்தாக வேண்டும் என்ற இரு எண்ணங்களையும் சேலம் ஒருசேரப் பொய்யாக்கியது.

1993இன் தேசியக் கனிமக் கொள்கை, அதுவரை அரசுக்கென ஒதுக்கியிருந்த 13 கனிமங்களைத் தனியாருக்குத் திறந்தது. இரும்புத் தாது அவற்றுள் ஒன்று. பத்தாண்டு கழித்து, சீனாவின் எஃகுப் பசி உலகச் சந்தையைத் தலைகீழாக்கியது. விலை போகாதென ஒதுக்கிய ஏழைத் தாதுகூட ஏற்றுமதிக் கணக்கில் ஏறியது. 2005 ஜூனில் ஒடிசா அரசு தென்கொரிய எஃகு நிறுவனமான போஸ்கோவுடன் ஒப்பந்தம் செய்தது. அதே 2005இல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்த தமிழ்நாடு இரும்புத் தாதுச் சுரங்க நிறுவனமான டிம்கோ, கஞ்சமலையையும் கவுத்தி - வேடியப்பன் மலைகளையும் குறிவைத்தது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் குழுமத்துக்கு ஏற்கெனவே ஓர் உருக்காலை இருந்தது. பெல்லாரியிலிருந்து வரும் தாதுவுக்குப் பதில் பக்கத்து மலையின் தாது கிடைத்தால் வண்டிச் செலவு மிச்சம் என்பது திட்டத்தின் தர்க்கம். ஹீத் கணக்கின் மறுபதிப்பு இது. கரியின் இடத்தில் சரக்கு ரயில்.

திருவண்ணாமலைத் திட்டத்துக்குக் கேட்கப்பட்டது சுமார் 325 ஹெக்டேர் காப்புக்காடு. தாதுவின் தரத்தை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 36 பங்கு இரும்புள்ள கல்லை மாவாக அரைத்து, காந்த உருளையில் பிரித்து, 65 பங்குச் செறிவுத் தாது ஒரு டன் எடுக்க வேண்டுமானால், இழப்பே இல்லாவிட்டாலும் 1.8 டன் கல் வேண்டும். நடைமுறை இழப்போடு இரண்டு டன்னைத் தாண்டும். ஒவ்வொரு டன் செறிவுத் தாதுவுக்கும் ஏறத்தாழ ஒரு டன்னோ அதற்கு மேலோ நுண்ணிய சிலிக்காச் சேறு மிஞ்சும். தாதுவுக்கு மேலிருக்கும் வெறும் பாறையையும் மண்ணையும் பெயர்த்துக் கொட்டுவது தனி. அரைப்பதற்கும் பிரிப்பதற்கும் தண்ணீர் வேண்டும். சேற்றைக் கட்டி வைக்க நிலம் வேண்டும். ஆழ்துளைக் கிணறு வறண்டுபோகும் வானம் பார்த்த பூமியில், இந்தப் பக்கத்து மழைநீர் ஏரிகளை நிரப்பித் துரிஞ்சலாறு வழியே தென்பெண்ணைக்குப் போகிற இடத்தில், இந்தச் செலவு எந்த வரவுசெலவுப் பட்டியலிலும் விலையாக ஏறவில்லை.

மலையடிக் கிராமங்கள் அதைக் கணக்கில் ஏற்றின. 2008, 2009ஆம் ஆண்டுகளில் உழவர்களும் சூழல் அமைப்புகளும் திரண்டு எதிர்த்தார்கள். காட்டில் ஆடுமாடு மேய்ப்பவர்கள், சீதாப்பழமும் விறகும் பொறுக்குபவர்கள், ஏரிப் பாசனத்தை நம்பி நெல்லும் மல்லாட்டையும் போடுபவர்கள் இதில் இருந்தார்கள். வேடியப்பன் இங்கே வெறும் மலைப்பெயர் அன்று, குலசாமி. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்ட வீரர்களுக்குப் பல்லவர் காலத்தில் எழுப்பிய நடுகற்கள் செங்கம் வட்டாரமெங்கும் நிற்கின்றன. தொல்லியல் துறை அவற்றைப் படித்து 1970களில் நூலாகவும் வெளியிட்டது. ஊர்மக்கள் அந்தக் கற்களுள் பலவற்றுக்கு வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலிட்டுப் படையல் வைத்துக் கும்பிட்டு வருகிறார்கள்.

எதிர்ப்புக்குச் சட்டம் கைகொடுத்தது. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதியின்றிக் காட்டு நிலத்தைப் பிற வேலைக்குத் திருப்ப முடியாது. கூடலூர்க் காட்டு நிலம் குறித்துத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்கச் செய்தது. அவ்வழக்கின் கண்காணிப்புக்கென 2002இல் அமைந்த மத்திய அதிகாரக் குழுவின் முன் கவுத்தி - வேடியப்பன் திட்டமும் போனது. காட்டு நிலம் கைமாறவில்லை, சுரங்கம் திறக்கப்படவில்லை. இடையில் ஒடிசாவின் நியமகிரி பாக்சைட் வழக்கில் 2013 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மலைவாழ் மக்களின் வன உரிமையையும் வழிபாட்டு உரிமையையும் கிராம சபைகள் ஆராய்ந்து முடிவெடுக்கட்டும் என்றது. பெல்லாரியில் கட்டுக்கடங்காது வெட்டியதன் விளைவை 2011இல் உச்ச நீதிமன்றம் சுரங்கங்களை நிறுத்திவைத்தபோது நாடே பார்த்தது. தரமான தாதுவை வைத்திருந்த பெல்லாரியில் பணம் கொழித்தும் ஊர்கள் தூசியில் கிடந்தன. ஏழைத் தாதுவைக் கொண்ட திருவண்ணாமலை அந்த நிலைக்குப் போகாமல் தப்பியதில் மக்களின் விழிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

கனிமப் பணம் எங்கே தங்குகிறது என்ற கேள்வியில் தமிழ்நாடு, நீதிமன்ற வரலாற்றில் தனி இடம் வகிக்கிறது. சென்னை ஊராட்சிகள் சட்டம் 1958இன் 115ஆம் பிரிவு, நிலவரியோடு ராயல்டியின் மீதும் உள்ளாட்சிக்கென உபரி வரி விதித்தது. சுண்ணாம்புக்கல் வெட்டிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் அதை எதிர்த்தது. ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் வரி போட முடியாது என்று 1989 அக்டோபரில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள், கனிமம் தோண்டப்படும் மாநிலங்களின் கை பெரும்பாலும் கட்டப்பட்டே இருந்தது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரியன்று, குத்தகைக்காரர் நில உடைமையாளருக்குத் தரும் ஈடு என்று திருத்தியது. கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டென்றும் சொன்னது. தமிழ்நாடு உடனே சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் முதல் கனிம நிலவரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்த வரி திருவண்ணாமலை மாவட்டத்தைத் தொடுவது இரும்பு வழியாக அன்று. கருங்கல், ஜல்லி, எம்-சாண்ட் வழியாக. சிறு கனிமங்கள் எனப்படும் இவற்றின் விதிமுறை 1959 முதல் முழுக்க மாநிலத்தின் கையில் இருக்கிறது. குவாரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு, ஒவ்வோர் அளவுக்கும் சீனியரேஜ் எனும் உரிமைத் தொகை என்று ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சீட்டில் எழுதிய எடைக்கும் லாரியில் ஏறிய எடைக்கும் உள்ள இடைவெளியில் ஊராட்சிக்குச் சேர வேண்டிய பணம் மறைகிறது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை, சிறு குவாரிகளை யாரும் சூழல் கண்ணோடு பார்த்ததேயில்லை. பெருஞ்சுரங்கத்தை எதிர்க்கத் திரளும் கூட்டம் குவாரிப் பள்ளத்தைச் சுற்றித் திரள்வதில்லை. சேதமோ ஊருக்கு ஊர் சேர்ந்து பெரிதாகிறது.

2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, விண்ணப்ப வரிசைக்குப் பதில் ஏலம் வந்தது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளையும் அப்போதுதான் பிறந்தது. ஏலத்தில் எடுத்தவர் ராயல்டியில் 10 விழுக்காட்டையும், அதற்கு முன் குத்தகை பெற்றவர் 30 விழுக்காட்டையும் அதற்குச் செலுத்த வேண்டும். நல்ல ஏற்பாடு, தோண்டினால்தான் பணம் வரும் என்பதும் அதே ஏற்பாட்டின் பகுதி. மலையைத் தோண்டாமல் ஏரியைக் காத்த ஊருக்கு எந்த அறக்கட்டளையிலிருந்தும் ஒரு காசு கிடையாது.

2023 திருத்தம் முக்கியக் கனிமங்கள் எனப் பட்டியலிட்ட 24க்கும் ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசிடம் குவித்தது. மின்கலத்துக்கும் தளவாடத்துக்கும் வேண்டிய உலோகங்களுக்காக நாடுகள் முட்டிமோதும் காலம் இது. நிக்கல் தாதுவை வெளியே விடாமல் 2020இல் தடைபோட்ட இந்தோனேசியா, உருக்காலைகளை உள்நாட்டுக்கு வரவழைத்தது. உலக வர்த்தக அமைப்பில் 2022இல் தோற்றும் பின்வாங்கவில்லை. இந்தியாவில் அந்த வேகம் ஏலமாக வடிவெடுத்தது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியின் டங்ஸ்டன் ஏலம் 2024 நவம்பரில் முடிந்தபோது, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று மாநிலம் 2022இல் அறிவித்த இடம் அதற்குள் அடங்கியிருந்தது. சட்டமன்றம் டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, மக்கள் மதுரை வரை நடந்தார்கள், 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. கவுத்தி மலையில் ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு, அரிட்டாபட்டியில் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தது.

இந்தியச் சுரங்கப் பணியகத்தின் கனிமப் பட்டியலில் தமிழ்நாட்டு மேக்னடைட் சுமார் 50 கோடி டன் என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இரண்டு கட்டங்கள் உண்டு: இன்றைய தொழில்நுட்பத்திலும் விலையிலும் சட்டத்திலும் வெட்டி எடுக்கக்கூடியது 'இருப்பு', இருப்பதாகத் தெரிந்தும் வெட்ட முடியாதது 'எஞ்சிய வளம்'. தமிழ்நாட்டின் மேக்னடைட் இரண்டாவது கட்டத்திலேயே நிற்கிறது. கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும் வனத்துறையின் ஏட்டில் இன்றும் காப்புக்காடு.

(தொடரும்)